பேர் விழுவதும் பெயர் பொருந்துவதும்

தேயிலைத் தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி. நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைப் பேர், கணக்கு நிறைந்தால் முழுப் பேர். மாதக் கடைசியில் எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்று பார்த்துத்தான் அரிசிக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் அந்தப் பேருக்கான கோடு விழுவது ஓர் ஆளின் பெயருக்கு நேரே. ஆனால் அந்தப் பெயரை எந்த எழுத்துக் கூட்டி எழுதியிருக்கிறார்கள் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று யாரும் கேட்டதில்லை. மேட்டு லயத்து (வரிசை வீட்டு) லெட்சுமி என்றால் யாரென்று கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், கிளாக்கருக்கும் தெரியும். புத்தகத்தில் முத்துலட்சுமி, அடையாள அட்டையில் முத்துலெச்சுமி, பிறப்புப் பதிவில் வெறும் லெட்சுமி என்று இருந்தாலும் கூலி அவர் கையில்தான் வந்து சேர்ந்தது.

கணினிக்கு லெட்சுமியைத் தெரியாது. அதற்குத் தெரிந்தது எழுத்து மட்டும்.

ஒவ்வொருவரின் விரலையும் கருவிழியையும் முகத்தையும் பதிந்து ஓர் எண் கொடுக்கும் இலங்கையின் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு விஷயங்களைச் சுற்றியே நடக்கிறது: தகவல் திருட்டு, இந்தியாவின் கை. திட்டம் இந்திய நன்கொடையில் நடப்பது. 2022இல் ஒப்பந்தமானது. ஆகவே அந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் நுவரெலியாவிலும் பதுளையிலும் தோட்டப் பக்கத்தில் முதல் அடி விழப்போவது அங்கே இல்லை. ஒரே ஆளைப் பற்றிய நாலு பதிவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும் இடத்தில்தான் விழும். சுவரில் வெடிப்பு முன்பே இருந்தது. இத்தனை நாள் அதைப் பூசி வைத்திருந்த மனிதர்களை இப்போது நடுவிலிருந்து எடுக்கிறார்கள்.

இயந்திரம் செய்யும் இரண்டு வேலைகள்

இந்த அடையாளத் திட்டத்துக்கு அடித்தளமாகத் தேர்ந்தது மொசிப் என்ற திறமூல மென்பொருள். பெங்களூருவில் உள்ள சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் 2018இல் தொடங்கிய வேலை அது. பிலிப்பைன்ஸ், மொரோக்கோ போன்ற நாடுகளும் அதை எடுத்திருக்கின்றன. பெயர் எதுவானாலும் இப்படிப்பட்ட அமைப்பு செய்வது இரண்டு வேலை.

முதலாவது, பதியும்போது 'இந்த ஆள் ஏற்கெனவே வேறு பெயரில் பதிந்திருக்கிறாரா' என்று பார்ப்பது. புதிதாக வரும் ஒருவரின் விரலை, இருக்கிற எல்லோருடைய விரலோடும் ஒப்பிட வேண்டும். ஓர் ஒப்பீட்டில் தவறாகப் பொருந்தும் வாய்ப்பு ஒரு கோடியில் ஒன்று என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு கோடிப் பதிவுகள் இருந்தால் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் சராசரியாக இரண்டு போலிப் பொருத்தங்கள் வரும். அதனால்தான் பத்து விரல், இரண்டு கருவிழி, முகம் என்று எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கிறார்கள். ஆசையினால் எடுப்பது இல்லை, கணக்கு அப்படிக் கேட்கிறது.

இரண்டாவது, பின்னாளில் வங்கியிலோ பிரதேச செயலகத்திலோ 'நான்தான் இவர்' என்று சொல்லும்போது அதைச் சரிபார்ப்பது. இங்கே ஒப்பீடு ஒன்றுக்கு ஒன்று. பிழையின் பக்கமும் மாறிவிடுகிறது. இன்னொருவரை ஏற்றுக்கொள்வதைவிட, உரியவரையே திருப்பி அனுப்புவதுதான் அன்றாடம் நடக்கும். நூற்றுக்கு இரண்டு பேருக்கு விரல் பிடிக்கவில்லை என்றால், 500 பேர் உள்ள தோட்டத்தில் 10 பேர். எந்தப் 10 பேர் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பதுதான் இதில் சங்கடம். அதைப் பிறகு சொல்கிறேன். பெயர்தான் பெரிய கதை.

ழகரம் போகும் பாதை

பழனியாண்டி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். தோட்டத்துப் பிறப்புகள் தோட்ட நிருவாகம் வழியாகவே பதிவாளரிடம் போன காலம் நெடியது. வாயால் சொன்னதை ஒருவர் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதுவார். சிங்களத்தில் இரண்டு லகரங்கள் உண்டு, ழகரம் இல்லை. ஆகவே ழ அங்கே ல ஆகிறது. அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனால் 'எல்' என்ற எழுத்து. பிறகு யாரோ ஓர் அலுவலர் அந்த ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் எழுதுகிறார்: பலனியாண்டி. இன்னொரு அலுவலகத்தில் தமிழிலிருந்து நேராக ஆங்கிலத்துக்குப் போனவர் 'இசட்எச்' போட்டிருப்பார். இப்போது ஒரே மனிதருக்குத் தமிழில் இரண்டு பெயர், ஆங்கிலத்தில் இரண்டு பெயர்.

ழகரம் மட்டுமா? தமிழில் ஒரு ப, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டு. பாலகிருஷ்ணன் ஒரு பத்திரத்தில் ஆங்கில P என்றும் இன்னொன்றில் B என்றும் தொடங்குவார். க, ட, த மூன்றுக்கும் இதே கதி. இராமையா, ராமையா. லட்சுமி, லெட்சுமி, லெச்சுமி. மலையகத்தில் பரவலாகக் கேட்கும் பெயர்கள்தான் அதிகம் வழுக்குகின்றன.

மென்பொருள்காரர்கள் இதற்கு ஒரு மருந்து சொல்வார்கள்: ஒலி ஒப்பீடு. அதில் பழையது சவுண்டெக்ஸ். அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை பெற்றது, இன்றும் பல தரவுத்தள மென்பொருள்களில் உள்ளேயே கிடைப்பது. முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற மெய்யொலிகளை ஆறு குழுவாக எண்ணிட்டு, மூன்று இலக்கத்தோடு நிறுத்தும். அதில் எல் 4ஆம் குழு, இசட் 2ஆம் குழு. பழனியாண்டியை 'இசட்எச்' போட்டு எழுதினால் 255, 'எல்' போட்டு எழுதினால் 455. அதாவது ஒலி ஒப்பீடே இருவரும் வேறு ஆள் என்று சாதிக்கும். பாலகிருஷ்ணனுக்கு முதலெழுத்திலேயே கதை முடிந்துவிடும். ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்காகச் செய்த செருப்பு, நம் காலுக்குக் கடிக்கத்தான் செய்யும்.

சரி, ஓரெழுத்து வித்தியாசத்தை மன்னித்துவிடலாம் என்று விதி வைத்தால்? பழனியாண்டியும் பலனியாண்டியும் சேர்ந்துவிடுவார்கள், நல்லது. ஆனால் ராமுவும் ராஜுவும் சேர்ந்துவிடுவார்கள், ராணியும் ராஜியும் சேர்ந்துவிடுவார்கள். ஒரே லயத்தில் தகப்பன் பெயரும் ராமசாமி என்று இருக்கிற இரண்டு வீடு இல்லாத தோட்டம் எங்கே? பெயரை மட்டும் வைத்துத் தளர்வாக ஒப்பிடுவது மலையகத்தில் இரண்டு ஆளை ஒன்றாக்கும், இறுக்கமாக ஒப்பிடுவது ஓர் ஆளை இரண்டாக்கும். பெயரோடு பிறந்த தேதி, பெற்றோர் பெயர், பழைய அட்டை எண் ஆகியவற்றையும் எடைபோட்டு, சந்தேகமானதை ஒரு மனிதரின் மேசைக்கு அனுப்புவதுதான் வழி. அந்த மேசையில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தப் பத்திரத்திலேயே எழுத வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

இனி திரையில் ஒன்றாகத் தெரிந்தும் உள்ளே வேறாக இருக்கும் சங்கதி. கோபால் என்ற பெயரில் முதலெழுத்தை, கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில், இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வேறு பெயர். இதை யூனிகோடின் இயல்பாக்கல் விதி சரிசெய்துவிடும், நிரல் எழுதுபவர் ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்க்காமல் விடுவதுதான் வழக்கம்.

கௌரிக்கு அந்த ஒரு வரியும் உதவாது. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டினால் 'கெளரி'. பார்ப்பதற்கு அதே கௌரி, உண்மையில் கெ-ள-ரி. இயல்பாக்கல் விதி இதைத் தொடாது, ஏனென்றால் அதன் கண்ணில் ள ஒரு முழு எழுத்து. சௌந்தரம், சௌமியா எல்லோரும் இந்த வரிசையில் நிற்கிறார்கள். ஜெயஸ்ரீ, ஸ்ரீதரன் பக்கமும் வில்லங்கம் உண்டு. 2005இல் யூனிகோட் 4.1இல் ஶகரம் தனி எழுத்தாக வந்த பிறகு 'ஸ்ரீ'யை ஸகரம் போட்டும் ஶகரம் போட்டும் இரண்டு வழியில் தட்டலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். இலங்கையின் தமிழ்க் கணினி எழுத்துக்கான எஸ்எல்எஸ் 1326 நியமம் 2008இலேயே வந்துவிட்டது. இருந்தும் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள் அலுவலகங்களில் இன்னும் கிடக்கின்றன. பாமினியில் தமிழ் என்பது தோற்றம் மட்டும், உள்ளே இருப்பது ஆங்கில விசைகளின் வரிசை. அதை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பு இடம் மாறுவதும் கால் கழன்று நிற்பதும் தெரிந்த நோய்கள்தான்.

பெண்களுக்கு இன்னொரு சுற்று இருக்கிறது. பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த பத்திரத்தில் புருஷன் பெயர். படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தால், இல்லாத ஒன்றை நிரப்பச் சொல்கிறது அது. நிரப்புகிறவர் எதையாவது போடுவார், அடுத்த அலுவலகத்தில் வேறு எதையாவது போடுவார்.

எண்ணும் எழுத்தும்

பெயர் பொருந்தாவிட்டால் அடையாள அட்டை எண் இருக்கிறதே என்று தோன்றும். அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது.

பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். முதல் இரண்டு பிறந்த வருடம், அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள், பெண்ணென்றால் அதோடு 500. 2016 முதல் வருடத்தை நாலு இலக்கத்தில் எழுதும் 12 இலக்க எண். பழையதைப் புதிய வடிவுக்கு மாற்ற, முன்னால் 19 சேர்த்து, நாள் எண்ணுக்குப் பின்னால் ஒரு பூச்சியம் செருகி, எழுத்தை எடுத்துவிட வேண்டும். இதுவரை சுலபம். பலர் அறியாதது, நாள் எண்ணும்போது பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்பது. 1975 மார்ச் 1இல் பிறந்த பெண்ணின் எண் 75561 என்று தொடங்கும்: 31, 29, 1 சேர்த்து 61, அதோடு 500. 1975 லீப் வருடம் இல்லை. நாட்காட்டியை நம்பி எழுதிய நிரல் 61ஐ மார்ச் 2 என்று காட்டும். லீப் அல்லாத வருடத்தில் மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் தள்ளிப்போகும். டிசம்பர் 31இல் பிறந்தவர் அடுத்த வருடக் குழந்தையாகிவிடுவார். 'பிறந்த தேதி பொருந்தவில்லை' என்று திரை சொல்லும்போது தவறு அந்த அம்மாவின் பத்திரத்தில் இல்லை, நிரலில் இருக்கலாம் என்பது கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரிய வேண்டும்.

கடைசி எழுத்துக்கு மலையகத்தில் தனி வரலாறு. 'வி' என்றால் வாக்குரிமை உள்ளவர், 'எக்ஸ்' என்றால் இல்லாதவர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மக்கள், 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு இத்தனை, இலங்கைக்கு இத்தனை என்று எண்ணிக்கையாகப் பிரிக்கப்பட்டவர்கள், குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை மிச்சக் கணக்கு தீராமல் இருந்தவர்கள், தரவுத்தளத்தில் ஒரு கட்டம் என்ன செய்யும் என்று யாரிடமும் பாடம் படிக்க வேண்டியதில்லை. புதிய எண்ணில் அந்த எழுத்து இல்லை. ஆனாலும் எண்ணைப் பார்த்தவுடன் வயதும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடுகிறது. டிஜிட்டல் அடையாள எண் எந்த அர்த்தமும் இல்லாத, குலுக்கி எடுத்த எண்ணாக இருக்க வேண்டும் என்று நிபுணர்கள் சொல்வது இதனால்தான். 'இவருக்கு 18 வயது நிறைந்ததா' என்று கேட்கும் கடைக்கு 'ஆம்' என்ற ஒரு சொல் போதும். பிறந்த தேதி எதற்கு?

தேய்ந்த விரல்

விரல் ரேகைக் கருவி ரேகையின் படத்தை முழுதாக ஒப்பிடுவதில்லை. ரேகை முடியும் இடம், இரண்டாகப் பிரியும் இடம் ஆகிய புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, அவற்றின் இடத்தையும் சாய்வையும் ஒப்பிடுகிறது. தோல் தேய்ந்தால் புள்ளி மறையும், வெடித்தால் இல்லாத புள்ளி முளைக்கும். கொழுந்து கிள்ளும் பெண்களுக்கு அடிபடுவது பெருவிரலும் ஆட்காட்டி விரலும். தேயிலைக் கறையும் அங்கேதான். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் ஆண்களுக்கு உள்ளங்கை காய்த்திருக்கும். குளிரில் தோல் வறண்டால் ஒளியால் படிக்கும் கருவிக்கு ரேகை மங்கும். எந்தப் 10 பேர் திருப்பி அனுப்பப்படுவார்கள் என்று முன்பே சொல்லிவிடலாம் என்றது இதைத்தான். ஒதுக்கத் திட்டமிட்டு யாரும் செய்வதில்லை, ஆனால் விழுவது எப்போதும் கையால் உழைக்கிறவர்கள் மேல்.

பதியும் நாளில் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. வேலை முடிந்து நேரே மலையிலிருந்து இறங்கி வந்து பதியக்கூடாது, முடிந்தால் ஓய்வு நாளில் போக வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, தோல் மிக வறண்டிருந்தால் துளி தேங்காய் எண்ணெய் தடவி நன்றாகத் துடைத்துவிடலாம். எண்ணெய் மிஞ்சினால் கண்ணாடியில் அப்பி ரேகைகள் ஒன்றோடொன்று கலக்கும். அழுத்தி வைப்பதும் கெடுதல், அழுத்தினால் ரேகை தட்டையாகிப் பள்ளம் மூடிவிடும். மோதிர விரலும் சுண்டு விரலும் வழக்கமாகத் தேயாமல் இருக்கும், அவை தெளிவாகப் பதிந்ததா என்று கேட்பது புத்தி. கருவிழிக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கண்புரை சத்திர சிகிச்சை செய்யப் போகிறவர், செய்த பிறகு பதிவது நல்லது.

ஆனால் இது எல்லாம் கையாள்பவரின் சிரத்தையை நம்பிய வைத்தியம். விரல் பிடிக்கவில்லை என்றால் அடுத்தது என்ன என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கருவிழியா, முகமா, இல்லை ஓர் அலுவலர் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்கும் கடதாசியா? 'போனுக்கு ஓடிபி வரும்' என்று சுலபமாகச் சொல்வார்கள். கொழும்பில் கடையில் நிற்கும் மகன் பெயரில் சிம், வீட்டுக்கு ஒரே போன், அதுவும் பள்ளத்துக்குள் இறங்கினால் சிக்னல் கோடு காட்டாது. ஓடிபி வருவதற்குள் நேரம் கடந்து, திரை முதலிலிருந்து தொடங்கச் சொல்லும். அதற்கு மேல், அந்த மகன் மனம் வைத்தால்தான் தாய் தன் பணத்தைத் தொடலாம் என்று ஆகிவிடுகிறது.

விலாசமும் அப்படித்தான். தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், ஆட்கள் வாயில் வேறொரு பெயர், கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு மூன்றாவது பெயர். லயன் காம்பிராவுக்குத் தனி இலக்கம் இல்லாமல், கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து அங்கிருந்து கைமாறும் இடத்தில், 'வீட்டு இலக்கம், வீதி' என்ற கட்டங்கள் வெறுமையாகவோ பொய்யாகவோதான் நிரம்பும். கட்டாயக் கட்டமாக இருந்தால் நிரப்புபவர் ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டுக்குத்தான் அட்டை தபாலில் வரும்.

சட்டம் கையில் தருவது

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரியல் அடையாளத் தரவை விசேட வகையில் வைக்கிறது. தன்னைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்க, பிழையைத் திருத்தச் சொல்ல, இயந்திரம் தானாக எடுத்த முடிவை மறுபரிசீலனை செய்யக் கோர அதில் உரிமைகள் உண்டு. ஒரேயடியாக அமுலுக்கு வராமல் பகுதி பகுதியாக வரும்படி எழுதிய சட்டம், ஆகவே எந்தப் பகுதி எந்த நாளிலிருந்து என்று பார்த்துத்தான் கடிதம் எழுத வேண்டும். அரசாங்க அலுவலகத்துக்கு மட்டுமல்ல, 1992க்குப் பிறகு தோட்டங்களை நடத்த வந்த கம்பனிகளுக்கும் அது பொருந்தும். நாளை பிரட்டில் பேர் போடக் கைரேகைக் கருவி வைத்தால், எதற்காக, எங்கே, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று கேட்க இடம் இருக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் ஆதாரைச் செல்லும் என்று சொன்னபோதே, தனியார் கம்பனிகள் அதைக் கேட்க வழிவிட்ட பிரிவை அடித்துவிட்டதையும் தொழிற்சங்கங்கள் நினைவில் வைக்கலாம்.

இன்னொன்று, ஏற்கெனவே பழகிய ஆயுதம்: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 14 வேலை நாளில் தகவல் அலுவலர் தன் முடிவைச் சொல்ல வேண்டும். 'விரல் பிடிக்காதவருக்கு எழுத்திலான மாற்று ஏற்பாடு என்ன' என்று ஒரே வரியில் கேட்டால், பதிலும் ஒரே வரியில் வந்தாக வேண்டும்.

திருத்தும் வரிசை

பத்திரங்களைத் திருத்தப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் தப்பான முனையில் தொடங்குகிறார்கள். வங்கி கேட்டது என்று வங்கிப் புத்தகத்தை முதலில் மாற்றுவார்கள். பிறகு அடையாள அட்டை அதோடு ஒத்துப்போகாது. சத்தியக் கடதாசி ஒன்றைச் சமாதான நீதவானிடம் முடித்து, 'இரு பெயரும் ஒருவரே' என்று காட்டிச் சமாளிப்பார்கள். அந்தக் கடதாசியை ஓர் அலுவலர் ஏற்பார், கணினியில் அதற்குக் கட்டம் இல்லை.

வேர் பிறப்புப் பதிவு. அதில் பெயர் பிழை என்றால் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தம் கேட்க வேண்டும். பதிவே இல்லாத முதியவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ். அது கைக்கு வந்த பிறகுதான் ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு அடையாள அட்டை விண்ணப்பம். தோட்டத்தில் குடியிருப்பவரின் விண்ணப்பத்தைத் துரை எனப்படும் தோட்ட அத்தியட்சகரும் உறுதிப்படுத்தலாம் என்பது பழைய வழக்கம். துரையோடு வழக்கு வம்பில் இருக்கிறவர் அதனால் கையொப்பத்துக்காக அலையாமல் கிராம உத்தியோகத்தரை அணுகுவது நல்லது. படம் பதிவுபெற்ற ஸ்டூடியோவில் எடுத்து, அவர்கள் தரும் பற்றுச்சீட்டை விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும். அட்டை கைக்கு வந்தபின் வங்கி, அதன்பின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு, ஊழியர் சேமலாப நிதி.

சேமலாப நிதியைக் கடைசிக்குத் தள்ளுவது பிழை இல்லை, மறப்பதுதான் பிழை. தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம் என்று முப்பது வருடம் சேர்ந்த பணம், பேர் கொடுத்த அன்று கிளாக்கர் எழுதிய எழுத்துக்கூட்டலில் கிடக்கிறது. தோட்டம் கைமாறியிருந்தால் இரண்டு அங்கத்துவ எண், இரண்டு எழுத்துக்கூட்டல். 55இல் பணம் எடுக்கப் போகும் ஆண் 45இலேயே தன் அங்கத்துவப் பதிவில் பெயரும் அட்டை எண்ணும் எப்படி இருக்கிறது என்று கேட்டு வைக்கலாம். அப்போது தோட்ட அலுவலகத்தில் பழைய செக்ரோல் இருக்கும், அந்தக் கையெழுத்தை அடையாளம் காட்ட ஒருவர் உயிரோடும் இருப்பார்.

டிஜிட்டல் பதிவு தொடங்கும் நாளில் மேசையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: திரையை இந்தப் பக்கம் திருப்பிக் காட்டுங்கள். மூன்று மொழி வரிகளில் தமிழ் வரியைச் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டும், வாசிக்கத் தெரியாதவர் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட்டிப் போக வேண்டும். ஆங்கில வரியை அட்டையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். கௌரி என்றால் கொம்புக்குப் பக்கத்தில் இருப்பது குறியா ளகரமா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கர்சரை எழுத்தின் பின்னால் வைத்து அழிக்கும் விசையை ஒருமுறை தட்டச் சொல்லலாம். குறியென்றால் பெரும்பாலும் முழுக் குறியும் போகும். ளகரம் மட்டும் போய் 'கெரி' என்று நின்றால், அங்கேயே திருத்தச் சொல்லிவிட்டுத்தான் விரலை வைக்க வேண்டும்.